தானாக நகர்ந்த சமையலறைச் சுவர்

வீட்டுப் பிளான் போட்டுத் தருகிற அந்த மனிதரை எல்லோரும் கூப்பிடுவது ‘அரையடி’ என்றுதான். பிளானை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், ஹாலில் அரையடி உருவிப் படுக்கையறையில் சேர்த்து ராசியாக்கிவிடுவார். வரைவது அவருக்கு உபதொழில், பஞ்சாயத்துதான் பிழைப்பு என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு தையல்காரம்மா வீட்டு விஷயத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அந்த அம்மாவுக்குச் சமையலறை பெரிதாக வேண்டும். வீட்டுக்காரருக்குத் தனக்கென்று ஓர் அறை வேண்டும். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டால், “சும்மா இருப்பேன்” என்பார். அடுத்த முறை வரும்போதும் முடிவாகாவிட்டால் எதிர்க் கட்டடத்து இன்ஜினியரிடம் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் இருவருக்குள்ளும் ஒற்றுமை. போனால் சும்மாவா போவார்கள்? தையல்காரம்மாவிடம் துணி கொடுக்கிற அத்தனை வீட்டுக்கும் சேதி போய்விடும்.

அவர்கள் வருகிற அன்று பார்த்துக் கம்ப்யூட்டர், திரைக்குப் படம் அனுப்புகிற புது வீடியோ டிரைவர் வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கேட்டது. அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் மச்சான், பெண்டாட்டியின் தம்பி. யார் எதைக் கேட்டாலும் சரி சொல்வது அரையடிக்கு வீட்டில் பழகிய பழக்கம். சரி என்று அழுத்தினார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கும்மிருட்டு.

வாசலில் செருப்புச் சத்தம். தம்பதி வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள். அரையடி பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மச்சானுக்குப் போன் போட்டார்.

“கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, மூணையும் சேத்து அழுத்துங்க மாமா. கறுப்புல எழுத்து வரும்.”

“கறுப்பு அப்பவே வந்துருச்சுடா. எழுத்தைத்தான் காணோம்.”

“அப்ப எஃப் ரெண்டு அழுத்தித் திரும்பி வாங்க.”

“எங்கேருந்துடா திரும்பி வர்றது? நான் எங்கயும் போகலையே!”

“மவுஸ் நகருதா?”

“அதை எந்தக் கண்ணால பாக்குறது?” ஆத்திரத்தில் மவுஸ் பட்டனை அமுக்கிப் பிடித்து மேசை முழுக்கத் தேய்த்தார்.

கதவைத் திறந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, சமையலறையை அவ்வளவு தூரம் இழுத்துட்டு ஏன் நிறுத்திட்டீங்கன்னு அவங்க கேக்குறாங்க.”

“எந்தச் சமையலறை?”

“டிவில காட்டுறீங்களே, அதுதான்.”

ஓடிப்போய்ப் பார்த்தார். வருகிறவர்களுக்குப் பிளான் காட்ட முன்னறைச் சுவரில் மாட்டிய டிவியில் கம்ப்யூட்டர் மொத்தமும் குடியேறியிருந்தது. கடைசியாக வரைந்து விட்ட படம், கம்ப்யூட்டர் எழுந்ததும் தானே திறக்கும்படி மச்சான் செய்து வைத்திருந்ததால் அவர்கள் வீட்டுப் படம்தான் நின்றது. சமையலறைச் சுவர் வீட்டுக்காரர் அறையில் பாதியை விழுங்கியிருந்தது.

“முதல்ல வெள்ளை எழுத்தா வந்துச்சு, அப்புறம் சுவரு தானா நடந்துச்சு. இப்படில்ல காட்டணும்!” என்றாள் தையல்காரம்மா.

“என் ரூம் எங்கய்யா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஜன்னலோரமா இருக்குல்ல? சும்மா இருக்க அது பத்தாதா?” என்றாள் அவள்.

அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “ஜன்னல் கட்டிலுக்கு நேரா வந்துருச்சோ? அப்படின்னா சரிதான், காத்து வரும்.”

அரையடிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணை விழித்து வரைந்ததையெல்லாம் தள்ளியவர்கள், குருட்டாம்போக்கில் இழுத்ததற்குத் தலையாட்டுகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் போனில் கத்தினான். “மாமா, மானிட்டர் வயர் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி பழைய ஓட்டையில இருக்கு. புது டிரைவர் அங்க படம் அனுப்பாது. அதைப் பிடுங்கி டிவி வயருக்குப் பக்கத்துல சொருகுங்க!”

“எதையும் பிடுங்காதீங்க, படம் போயிரப் போகுது!” தையல்காரம்மா எழுந்துவிட்டாள். “நீங்க உள்ள போய் இழுங்க, நான் சொல்றேன்.”

பின்னறை இருட்டுத் திரைக்கு முன்னால் அரையடி மறுபடி உட்கார்ந்தார்.

“இடது பக்கம்... ஐயோ, அவ்வளவு இல்ல!”

“ஜன்னல்ல கைய வைக்காதய்யா!”

“அங்கதான், அங்கதான்! விடுங்க!”

விட்டார். நினைவில் இருந்த இரண்டு விசையை அழுத்திப் படத்தைச் சேமித்தார்.

“முடிஞ்சுது, இதையே கட்டிரலாம்” என்று முன்னறையில் இரண்டு குரலும் ஒன்றாகக் கேட்டன.

அரையடி மனைவியை ஜாடை காட்டிக் கூப்பிட்டுக் காதோரம் கேட்டார்: “அந்தச் சுவரு இப்ப எங்கடி நிக்குது?”