கூடையின் அடியில் ஒரு கடலை

திருப்பதியிலிருந்து சித்தூர் போன பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எரிவாயுக் கிணறுகளை அளக்கும் பெண் இன்ஜினியர். பஸ்ஸில் ஏறிய கடலைக்காரரின் கூடையில் மேலே, நடுவே, அடியில் என்று ஒவ்வொரு கடலையாக எடுத்து மென்று பார்த்துத்தான் வாங்கினார்.

மேலதிகாரி போனில் கூப்பிட்டார். இவர் குரல் உயர்ந்தது.

"ஒரு நாள் அளவ வச்சிக்கினு ரெண்டு கிணத்திலயும் வாயு ஒரே மாதிரி வருதுன்னு எப்டி சார் சொல்றது? இன்னும் பல நாள் அளக்கணும். வேலைய விட்டுத் தூக்குங்க, இந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போடமாட்டேன்."

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று அவர் போனை வைத்ததும் சமாதானம் சொன்னேன். பழமொழி கைவசம் இருந்தால் நான் யோசிப்பதில்லை.

"அது ஒரே பானை சார். கிணறு நாளுக்கு ஒரு மாதிரி மூச்சு விட்டுக்கினு இருக்குது."

அவர் வேலை தப்பியதா, தெரியாது. நான் இப்போது சோற்றை அடியிலிருந்தும் பதம் பார்க்கிறேன். மனைவி கரண்டியைப் பிடுங்குகிறாள், நான் விடுவதில்லை.