வால் வெட்டிய நீல மோட்டார்

என் அப்பா சைகோனிலிருந்து கொண்டுவந்த மோட்டார் எங்கள் ஊருக்குள் முதல்முறை நுழைந்தபோது அதை இரண்டு மாடுகள் இழுத்துவந்தன. மாடுகள் என் தாய்மாமனுடையவை. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் மோட்டாருக்குள் அப்பா வெள்ளைக் கால்சராயும் தொப்பியுமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தபடி வந்தார். பாகூர் ஏரிக்கரையில் சேர ஆரம்பித்த கூட்டம் எங்கள் தெருவுக்கு வருவதற்குள் ஊர்வலமாகிவிட்டது.

"பாண்டியிலேர்ந்து வந்திருக்கு மாப்ள, ஒரு சொட்டு எண்ணெ குடிக்கல. நல்ல வண்டி" என்றார் மாமா. அப்பா சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குச் சைகோன் துறைமுகத்தில் எழுத்து வேலை. அங்கேயும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, இங்கேயும் பிரெஞ்சுக்காரன் ஆட்சி என்பதால் எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் அப்படிக் கப்பலேறியிருந்தார்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஆறு மாத லீவில் வருவார்கள், பட்டும் பீங்கானும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். போன தடவை அப்பா வந்துபோன பிறகுதான் தம்பி பிறந்தான். இப்போது அவனுக்கு மூன்று வயது. அன்றைக்கு அவன் மோட்டாரைப் பார்த்துச் சிரித்தான், அப்பாவைப் பார்த்து அழுதான்.

மோட்டாரை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரைந்துவிடுவேன். நல்ல நீலம். நீண்ட மூக்கு, அதன் மூடியை இழுத்துக் கட்ட ஒரு தோல் வார். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு. பின்பக்கம் படகின் முனை மாதிரி கூர்ந்து போய் ஒன்றுமில்லாமல் முடியும். துரைகள் பந்தயத்தில் ஓட்டுகிற ஜாதி வண்டி என்று அப்பா சொன்னார். ஒரு துரையிடம் பழையதாக வாங்கி அங்கே மூன்று வருடம் ஓட்டியிருந்தார். ஊரில் கொஞ்சநாள் வைத்திருந்துவிட்டு, புதுச்சேரியில் வசதியான யாருக்காவது விற்றுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். திட்டத்தில் கடல் குறுக்கிட்டது. கப்பல் தூரத்தில் நிற்க, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, அதன்மேல் மோட்டாரை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தபோது ஒரு பெரிய அலை வண்டிமேல் ஏறி இறங்கிப் போய்விட்டது.

அம்மா மோட்டாரை ஒருமுறை சுற்றிவந்தாள்.

"ரெண்டு பேர்தான் குந்த முடியுமா?" என்று கேட்டாள்.

"பந்தய வண்டி. அப்படித்தான் இருக்கும்."

"நாம நாலு பேராச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாளே அப்பா கால்சராயைக் கழற்றிவிட்டு மாமாவின் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் வேலை தொடங்கினார். கித்தான் சுருளில் வரிசையாகச் செருகிய திருகுசாவிகள் அவரிடம் இருந்தன. ஆனால் என்ஜின் உப்புத்தண்ணீரில் இறுகிப்போயிருந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால் அப்பாதான் சுற்றினார், என்ஜின் அசையவில்லை. அவர் நெருப்புப்பொறி விழும் துளைகளைத் திறந்து, மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து உள்ளே ஊற்றினார். தினமும் காலையில் காப்பி குடித்ததும் போய்க் கைப்பிடியைத் தள்ளிப் பார்ப்பார். ஐந்து நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அப்பா போட்ட கூச்சலில் பால் கறந்துகொண்டிருந்த மாமா செம்பைக் கவிழ்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு பொறி கிளப்பும் பெட்டி. மாக்னெட்டோ என்பார். அதற்குள் சுற்றியிருந்த கம்பியெல்லாம் ஈரம். வெயிலில் வைத்துப் பார்த்தார், போதவில்லை. அம்மா நெல் அவித்து முடித்து அடுப்பை அணைத்ததும், அந்தச் சூட்டில் பெட்டியை வைத்து மூடிவிட்டார். அடுப்பில் இரும்பு வைத்ததற்காக அம்மா ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை. ஆனால் மாலையில் அதை வெளியே எடுத்து, துணியால் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

அதிலிருந்து அம்மாவும் கொட்டகைக்குள் வந்துவிட்டாள். தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. அப்படி ஒன்று கடலூரிலும் கிடைக்கவில்லை, புதுச்சேரியிலும் கிடைக்கவில்லை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் பழைய தோல் பையை அம்மா வெட்டி, ஊசி குத்தி, இரண்டு வரிசைத் தையல் போட்டுக் குழாயாக்கினாள். அப்பா அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டித் தண்ணீர் விட்டார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சக்கரத்தின் உள்குழாய் ஒன்று ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்தபோது, டயருக்குள் தென்னங்கயிற்றைத் திணித்து அடைத்தார்கள். அதனால் அந்த ஒரு சக்கரம் மட்டும் நடக்கும்போது தடதடவென்று பேசிக்கொண்டே வரும்.

ஒரு மாதம் கழித்து மோட்டார் உயிர் பெற்றது. கொட்டகை முழுக்கப் புகை. கோழிகள் கூரைக்கு ஏறின. அப்பாவும் மாமாவும் ஏரிக்கரைவரை போய்த் திரும்பினார்கள். மாமாவின் துண்டு காற்றில் போய்விட்டது. அப்பா வண்டியை நிறுத்தாமலே அம்மாவைக் கூப்பிட்டார்.

"நாலு பேரும் குந்துற மாதிரி பண்ணுங்க, அப்ப வரேன்" என்றாள் அம்மா.

"வாலை வெட்டினாத்தான் பின்னால எடம் வரும். வால் போனா எவன் வாங்குவான் இத?"

"வாங்காட்டி இங்கியே இருக்கட்டும்."

அப்பா என்ஜினை நிறுத்திவிட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எனக்கு அம்மாமேல் கோபம். மோட்டாரில் ஏறும் வாய்ப்பைப் பிடிவாதத்தால் கெடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். புதுச்சேரியிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அப்பாவின் லீவில் இன்னும் நான்கு மாதம் இருந்தது.

வருகிறவர் பார்ப்பதற்குள் இருக்கைகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. உப்பில் அவை முறுக்கிக்கொண்டு நாறின. புதன்கிழமை அப்பா ஆணி வாங்கப் பாகூர் போயிருந்தபோது, அம்மா பழைய தோலைக் கீறி உரித்தாள். உள்ளே அடைத்திருந்த குதிரைமயிரை நான் பிய்த்துப் போட்டேன். அதற்குப் பதில் இலவம்பஞ்சு அடைத்து, மேலே கித்தான் தைப்பதாக ஏற்பாடு. அப்போது இருக்கையின் கம்பிச்சுருள் ஒன்று கழன்று சாய்மானத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் விழுந்துவிட்டது. என் கை மெலிந்த கை. தோள்வரை விட்டுத் துழாவினேன். கம்பிச்சுருளோடு இன்னொன்றும் வந்தது.

ஒரு குழந்தைச் சப்பாத்து. சிவப்புத் துணியில் தைத்தது, முன்னால் மஞ்சள் நூலில் ஒரு பூ. இடது கால்.

நான் ஓடிப்போய்த் தம்பியைப் பிடித்து உட்காரவைத்துப் போட்டுப் பார்த்தேன். அளந்து தைத்ததுபோல் இருந்தது. அவன் எழுந்து ஒற்றைக்காலைத் தொம் தொம் என்று தரையில் அடித்தான்.

"அம்மா, இங்க பாரேன்! அப்பா தம்பிக்கு வாங்கியாந்திருக்காரு. ஒண்ணுதான் கெடச்சுது."

அம்மா அவன் காலிலிருந்து அதைக் கழற்றினாள். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள்.

"தேஞ்சிருக்கு" என்றாள்.

தேய்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்றையும் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சாய்மானத்தைக் கழற்றினேன், காலடிப் பலகையைத் தூக்கினேன், வாலுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். பொழுது சாய்ந்து அப்பா வந்தபோது என் முகமெல்லாம் கரி.

"அப்பா, இன்னொரு சப்பாத்து எங்கப்பா?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அவன் அதற்குள் சப்பாத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா ஆணிப் பொட்டலத்தைக் கீழே வைக்க இடம் தேடுகிறவர் போல அங்குமிங்கும் பார்த்தார். அம்மா தலை நிமிராமல் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப கழண்டு வுழுந்தது?" என்று கேட்டாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான்.

அப்பா பொட்டலத்தைத் தரையில் வைத்தார்.

"போன மழைக்காலத்துல" என்றார். "எவ்ளோ தேடினோம். கெடைக்கல."

நான் தேடியிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும் என்று சொன்னேன். என் கை உள்ளே போவதைக் காட்டவும் காட்டினேன். இரண்டு பேரும் என்னைப் பாராட்டவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகையில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா இரும்பறுக்கும் வாளால் மோட்டாரின் வாலை அறுத்துக்கொண்டிருந்தார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, நாளைக்கு ஆள் வராரே! இன்னா பண்றீங்க?"

"வரட்டும்" என்றார் அப்பா.

தகடு ஆடி ஆடி வாள் கோணலாகப் போயிற்று. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் புடிச்சிக்கிறேன். நீங்க அறுங்க" என்று தகட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த வாலை அவர்கள் அறுத்து முடித்தார்கள். கூர்முனை தரையில் விழுந்து உருண்டது. தம்பி அதன்மேல் ஏறிப் படகு விட்டான்.

வெள்ளிக்கிழமை வந்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு மோட்டாரை இரண்டுமுறை சுற்றினார். "மிச்சம் எங்கே?" என்று கேட்டார். மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வண்டி செய்யும் ஆசாரி பூவரசம் பலகையில் ஒரு பெஞ்சு செய்து பின்னால் பொருத்தினார். கூடுதல் பாரத்தைத் தாங்க, உடைந்த குதிரைவண்டியிலிருந்து இரண்டு வில்பட்டைகளைக் கழற்றி மோட்டாரின் வில்லோடு சேர்த்துக் கட்டினார்கள். ஓரத்தில் குழந்தைகள் விழாமலிருக்க மூங்கில் தடுப்பு. முன்னாலிருந்து பார்த்தால் துரைமார் வண்டி, பின்னாலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்க் கட்டைவண்டி. அப்பா ஒருநாள் முழுக்க ஒரு கடிதம் எழுதினார். கிழித்தார், எழுதினார். சைகோன் வேலையை விட்டுவிடுவதாக எழுதுகிறார் என்று மாமா சொன்னார். நான் குதித்தேன். அப்பா என் தலையில் கைவைத்தார், ஆனால் குதிக்கிற ஆள்போல அவர் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் அம்மா, உரித்துப்போட்ட இருக்கைத் தோலில் நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, விளக்கெண்ணெய் தடவி ஊறவைத்தாள். தம்பியைக் காகிதத்தின்மேல் நிறுத்தி, கரிக்கட்டியால் அவன் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தள்ளி இன்னொரு கோடு போட்டு, அதன்மேல் வெட்டினாள். நான்கு நாளில் ஒரு ஜோடிச் சப்பாத்து தயாரானது. குழாய்க்குப் போட்ட அதே இரட்டைத் தையல். முன்னால் மஞ்சள் நூலில், சிவப்புச் சப்பாத்தில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் போட்ட பூ. தம்பிக்கு மாட்டினேன். இரண்டு அடி வைப்பதற்குள் கழன்றுவிட்டது.

"பெருசாப் பூடுச்சும்மா."

"ஆமா, பெருசுதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

பூரணாங்குப்பத்துக்காரர் ஒருவர், அப்பாவோடு சைகோனில் வேலை செய்தவர், லீவு முடிந்து கப்பலேறினார். அவரை வழியனுப்பத்தான் நாங்கள் நான்கு பேரும் முதல்முறையாக மோட்டாரில் போனோம். நானும் தம்பியும் பின்பெஞ்சில், அம்மா முன்னால். கிருமாம்பாக்கத்தில் பிள்ளைகள் வண்டியோடு ஓடிவந்தார்கள். கயிறு அடைத்த சக்கரம் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தது. அம்மா ஒரு கையால் முந்தானையையும் மறுகையால் மடியிலிருந்த துணிப்பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரியில் கப்பலுக்குப் படகேறும் கடல் பாலத்தில் அப்பா அந்த மனிதரிடம் தம் கடிதத்தைக் கொடுத்தார். அம்மா முன்னால் வந்து பொட்டலத்தை நீட்டினாள். தோல் ஜோடியும் அந்த ஒற்றைச் சிவப்பும் அதற்குள்தான் இருந்தன என்று எனக்குத் தெரியும்.

"அங்க வூட்டுல நீங்களே கையில குடுத்துடுங்க" என்றாள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரிம்மா" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கென்று தைத்ததை அளவு தப்பிவிட்டதால் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள், பிரித்துச் சின்னதாக்கித் தைக்கக்கூடச் சோம்பல் என்று அம்மாவைப் பற்றி மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு மழைக்காலம் முழுக்கக் கடந்துபோயிருந்தது என்பதும், கடலுக்கு அந்தப் பக்கம், அப்பாவின் இன்னொரு வீட்டில், அந்தச் சின்னக் கால் அதற்குள் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியவில்லை.