போணி ஆகாத அரிசி

அடுத்தவர் பசிக்காகக் கை நீட்டுகிற வேலையில், எவ்வளவு கேட்பது என்பதைவிட எந்நேரத்தில் கேட்பது என்பதுதான் முக்கியம். கும்பாபிஷேகத்துக்கோ சர்ச் திருவிழாவுக்கோ ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வருவது இப்போதே புரிந்திருக்கும்.

என் பேர் ஸ்டெல்லா. முன்பு ஸ்கூல் வேன் ஓட்டினேன். இப்போது கோத்தகிரியில் உணவு வங்கிக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். பஜார் கடைக்காரர்கள் வாராவாரம் தருகிற அரிசி, பருப்பு, வர்க்கி பிஸ்கட்டை ஏற்றிக்கொண்டுபோய், வேலையில்லாமல் கிடக்கிற எஸ்டேட் லைன் வீடுகளில் கொடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. அது தெரிந்துதான் இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள் போலிருக்கிறது.

வாசல் வரை வந்த மூட்டை

முதல் வாரம் காசிம் பாய் மளிகைக் கடை ஷட்டர் ஏறும்போதே போய் நின்றேன். தங்கமான மனுஷர். எனக்கென்று அரிசி மூட்டையைக் கட்டி வாசலிலேயே வைத்திருந்தார். தூக்கப் போனேன். இன்னும் போணி ஆகவில்லை, முதல் வியாபாரம் நடக்காமல் கடையிலிருந்து ஒரு மணி அரிசிகூட சும்மா வெளியே போகாது என்றார்.

சரி என்று நின்றேன். ஆடி மாச மழை. மஞ்சு மூடி எதிர்க்கடையே தெரியவில்லை. ஈ காக்கா வரவில்லை. உச்சி வேளை ஆகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் பாய் என்று கத்தியே விட்டேன். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் இரண்டு கிலோ பருப்பு கொண்டுவந்து மூட்டைமேல் வைத்தார். மூட்டை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

"தரமாட்டேன்னா சொன்னேன்? போணி ஆவட்டும்னுதானுங்க சொன்னேன்."

செல்வமணி

அன்றைக்கு ஒருவழியாகப் போணி ஆகி, மூட்டையை ஏற்றிக்கொண்டு நான் கீழ் கோத்தகிரி போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே தேயிலை ஃபேக்டரியை மூடி மாசக்கணக்காகிறது. கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கூலியும் இல்லை. வரிசையில் கடைசி ஆளாக நின்றவள் செல்வமணி. புருஷன் இல்லாதவள். மகள் கவிதா பிளஸ் ஒன் படிக்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லாரும் கேட்டார்கள், அவள் மட்டும் கேட்கவில்லை. நான்தான் வாயைக் கொடுத்து விசாரித்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு ஆள் வந்து அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தானாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன். அடுத்த வாரமும் வருகிறானாம். 

"அரிசி வர்ற வாரம் அவ பள்ளிக்கோடம் போவாளுங்க்கா. வராத வாரம் அவன் கூட பஸ் ஏறிருவா."

பெட்டி பேசினால் போதாது

அடுத்த வாரம் காசிம் பாய்க்கு நானே போணி பண்ணிவிடுவது என்று முடிவு கட்டினேன். கடையிலேயே மலிவான சாமான் தீப்பெட்டி. ஒன்று வாங்கி, போனிலேயே காசு போட்டேன். கல்லாப் பக்கத்தில் இருந்த பெட்டி, பணம் வந்துவிட்டதென்று பஜாருக்கே கேட்கிற மாதிரி கத்தியது. பாய் அசையவில்லை. போணிக் காசைக் கண்ணில் ஒற்ற வேண்டாமா, பெட்டியையா ஒற்றுவது என்றார்.

என்னிடம் சில்லறை இல்லை. பக்கத்துக் கடையில் நோட்டை நீட்டினேன். அங்கேயும் போணி ஆகவில்லை, அதனால் சில்லறை தர முடியாதாம். அதற்கடுத்த கடையிலும் அதே கதை. என்ன எழவுடா இது என்று ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடி, ஒரு டிரைவரிடம் ஒற்றை நாணயம் வாங்கிவந்து பாய் கையில் வைத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போனில் போட்ட காசுக்கு விளக்கம் சொன்னார்.

"அது பேங்குக்குப் போற காசுங்க. கைக்கு வந்தாத்தான் போணி."

கை ராசி

அன்றைக்கென்று பாய்க்கு ஒரு ரிசார்ட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்து தொலைந்தது. ஸ்டெல்லா கை ராசியான கை என்று பஜார் முழுக்கப் பேச்சு. வந்தது வினை. என் கைப் போணிதான் வேண்டுமென்று விடிவதற்குள் ஆளாளுக்குப் போன் போடுகிறார்கள். ஒரு கடைக்கு முன்னால் இன்னொரு கடைக்குப் போனால் கோபம் வேறு. நாலு மளிகைக் கடையில் நாலு தீப்பெட்டி, காய்கறிக் கடையில் ஒரு கேரட், பேக்கரியில் ஒரு பன். திருப்பூர்க்காரன் ஏறின பஸ் எந்த வளைவில் வருகிறதோ என்று எனக்கு ஒரே பதைப்பு.

ஒரு வாரம் பேக்கரிக்குப் போகத் தாமதமாகிவிட்டது. ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து வந்த டூரிஸ்ட் கூட்டம் வர்க்கி வாங்க மழையில் நிற்கிறது. காசை நீட்டுகிறார்கள், பேக்கரி அண்ணன் வாங்கவே மாட்டேன் என்கிறார்.

"கொஞ்சம் பொறுங்க சார். தர்மம் வாங்கறவங்க வந்துதான் யாவாரத்தை ஆரம்பிக்கோணும்."

பஸ் ஸ்டாப் போண்டா

ஃபேக்டரி இன்னும் திறக்கவில்லை. திருப்பூர்க்காரன் நாலைந்து தடவை வந்து, கறுப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டு வெறுங்கையோடு போனான். அப்புறம் ஆளைக் காணோம். செல்வமணி எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் டீயும் போண்டாவும் போட ஆரம்பித்திருக்கிறாள். மேல் லைனில் ஒரு வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள், என் பங்குக்குப் போண்டா தருகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்று எனக்குப் போன் பண்ணியிருந்தாள்.

போன வாரம் காலையில் வண்டியை நிறுத்தினேன். கவிதா யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். பொட்டலம் தயாராக இருந்தது. கையை நீட்டினேன். செல்வமணி பொட்டலத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. அப்புறம் விளங்கியது. ஒரு டீ சொல்லி, காசை அவள் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றி டப்பாவில் போட்டாள். பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, நான் அழுதுவிட்டேன்.

"இப்ப நானும் கடைக்காரிங்க்கா. போணி ஆவாம தர்மம் போடமாட்டேன்."

எங்கள் உணவு வங்கிப் பையில் அரிசிக்கும் பருப்புக்கும் நடுவில் எதற்கு இத்தனை தீப்பெட்டி என்று கேட்கிறவர்களுக்கு, இனி நான் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.