அப்பாவுக்குப் புரிந்த சொற்கள்

அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. எங்களைத் திருச்செங்கோட்டில் விட்டுவிட்டு வடக்கே போனால் திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். எனக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். பிறந்தவுடன் நான் அழவில்லை, மூச்சு வரத் தாமதமானதில் மூளையில் ஓரிடம் பழுதாகிவிட்டது என்று சேலத்து டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "புத்திக்கு ஒரு குறையும் இல்லைங்க. கை, கால், நாக்குக்குப் போற கட்டளைதான் தடுமாறுது" என்றார்.

அவர் சொல்லாத ஒன்றை நானே கண்டுகொண்டேன். எதைச் சொல்ல மிகவும் ஆசைப்படுகிறேனோ, அதைச் சொல்லும்போதுதான் உடம்பு அதிகமாக இறுகும். தெரியாத ஒருவரிடம் ஒரு சொல்லாவது வந்துவிடும். அப்பாவிடம் வராது.

போன் வந்தால் அம்மா அதை என் காதில் வைப்பாள். "சாப்பிட்டியா சாமி?" என்பார் அப்பா. நான் சொல்வது அவருக்குப் புரியாது. "சாப்பிட்டாளாமுங்க, தோசையாம்" என்று அம்மா எடுத்துச் சொல்வாள். அவள் சரியாகத்தான் சொல்வாள். ஆனாலும் நான் பேசியதாக எனக்குத் தோன்றாது.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ஒரு மதியம் அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. பலமுறை குறி தவறிய என் விரல் கடைசியில் பட்டனில் பட்டுவிட்டது.

"அலோ" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "சாமி, நீயா? அம்மா இல்லியா?"

ஆமாம் என்று சொல்லத்தான் முயன்றேன். கழுத்து பின்னுக்கு இழுத்தது, தாடை பூட்டிக்கொண்டது. என் மூச்சுச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அவர் போனை வைக்கவில்லை. "நீ ஒண்ணுஞ் சொல்ல வேண்டாஞ் சாமி. நா பேசறேன், கேட்டுக்க."

நாக்பூரில் லோடு இறக்க வரிசையில் நிற்பதாகச் சொன்னார். முன்னால் நாற்பது வண்டி நிற்கிறதாம். வேப்பமரத்தடியில் தானே ரசம் வைத்தவர் மறந்துபோய் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உடம்பு தளர்ந்தது. "எப்ப வருவீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சாமி, மழையா?"

மூன்று தடவை கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் அம்மா இறங்கி வந்து போனை எடுத்துக்கொண்டாள். "என்ன கேட்டே?" என்றாள். நான் அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வந்த அப்பா, குளித்ததும் என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு என்னமோ மூணு தடவ கேட்டியே. இப்பக் கேளு."

கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "மொகத்தப் பாத்தாப் புரியுது சாமி. போன்ல மொகம் இல்லியே" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்படி உட்கார்ந்து என் பேச்சைக் காதால் பழகினார். தண்ணி. வலிக்குது. போரடிக்குது. அம்மா திட்டுனாங்க. ஒவ்வொரு தடவையும் நாலைந்து சொற்கள். அம்மா இல்லாமல் போனில் ஐந்து நிமிடம் பேச எங்களுக்கு ஆறு வருடம் பிடித்தது.

அப்பா மாரடைப்பில் போய் மூன்று வருடமாகிறது. இப்போது போனில் நான் டைப் செய்தால், அது ஒரு பெண்குரலில் தெளிவாகப் படித்துவிடுகிறது. கடைக்காரருக்குப் புரிகிறது, நர்சுக்குப் புரிகிறது. ஜவுளிக் கம்பெனி ஒன்றில் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். அப்பாவும் நானும் சின்னச் சொற்களைத் தாண்டவே இல்லை. அவருக்கென்று நான் வைத்திருந்த நீண்ட வாக்கியங்கள் அப்படியே இருக்கின்றன. வேலையில்லாத நாட்களில் அவற்றை என் வாயாலேயே சொல்லிப் பார்க்கிறேன். வெகுநேரம் பிடிக்கிறது. சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும். அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.