சிவப்புப் பெடலுக்கு இருபத்திரண்டு

கல்கத்தாவின் காளிகாட் பகுதியில் நாங்கள் குடியிருந்த தெருவில் சித்தப்பா இரண்டு விஷயங்களுக்குப் பெயர் போனவர். ஒன்று, ஹவாயன் கிடார். அதை மடியில் படுக்கவைத்து, தந்திகள்மேல் இரும்புத் துண்டை இழைத்து வாசிப்பார். இன்னொன்று, அவருடைய கைக்கடிகாரம். ரயில்வே குமாஸ்தா அல்லவா, தினமும் ஹவுரா ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்து விநாடி பிசகாமல் வைத்திருப்பார். தெருவே அவரிடம்தான் மணி கேட்கும்.

அந்த வருஷம் துர்கா பூஜை மேடையில் முதல்முறையாக அவருக்கு ஒரு பாட்டு கொடுத்திருந்தார்கள். மதராசிக்கு வங்காளப் பாட்டு வராது என்று சொன்னவர்களெல்லாம் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். கிடாரோ சதி செய்தது. எந்த ஸ்வரத்தை இழுத்தாலும் பாதியில் செத்துப்போனது. அதை நீட்டிக்கக் காலால் அழுத்தும் மின்சாரப் பெடல்கள் இரண்டைக் கடையிலிருந்து ஒருநாள் இரவலாகக் கொண்டுவந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு.

எனக்கு எட்டு வயது. சிவப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டவள், சாப்பிடும்போதுகூடக் கீழே இறக்கவில்லை.

"சத்தம் அடங்கற வரைக்கும் நீ எண்ணு. எது நீளமோ அதை வாங்கிடலாம்," என்றார் சித்தப்பா.

கறுப்புக்கு ஆற அமர எண்ணினேன், ஒன்பது. சிவப்புக்கு மூச்சுவிடாமல் எண்ணினேன், இருபத்திரண்டு.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப்பார்த்தாள். "தம்பி, இது கிடாரா, மாவு மிஷினா?"

"பாப்பா கணக்கு சொல்லிட்டா அண்ணி," என்று சித்தப்பா சிவப்பையே வாங்கிவிட்டார்.

மேடையில் முதல் ஸ்வரமே உறுமிக்கொண்டு கிளம்பியது. தந்தியை அமுக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. பெடலை மிதித்தார், ஊளையிட்டது. முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. "கீ ஹோலோ தாதா!", என்ன ஆச்சு அண்ணா என்று வங்காளத்தில் அலறியபடி பூஜைக் கமிட்டிக் காரியதரிசி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கும்வரை அந்த ஒரே ஸ்வரம் நீண்டது. நான் மட்டும் பெருமையோடு எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மறுநாள் கடைக்குப் போய்க் கறுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். மேடைதான் அதன்பிறகு அவருக்குக் கிடைக்கவே இல்லை. என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கள்ளக் கணக்கு அவருக்குத் தெரியாது என்று பல வருஷம் நம்பி, உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்று நான் இருபத்திரண்டு என்று கத்தியதும், சித்தப்பா தன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, அதற்குள் சிவப்பைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் மடியைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.