மதாமுக்கு நான்தான் வாய்

மொழிபெயர்ப்பு வேலை என்பது அடுத்தவர் சாப்பிட்டதற்கு நாம் ஏப்பம் விடுவது. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மாமாவுக்கும் மீன்காரம்மாவுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய புதுச்சேரிப் பிள்ளைகளே, என் வேதனை உங்களுக்குத்தான் புரியும்.

பிரசங்கத்தில் கிடைத்த வேலை

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் தோழிகளுக்கு நடுவே எங்கள் பங்குச் சாமியார் மாதிரிப் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, "பிரியமானவர்களே" என்று இழுப்பது, எல்லாம் அச்சு அசல். திடீரென்று ஒருத்தியும் சிரிக்கவில்லை. திரும்பினால், பின்னால் மதாம்.

ரெட்டியார்பாளையத்தில் அவரை எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வார்கள். இங்கே பிறந்து, நடக்கப் பழகும் வயதிலேயே பிரான்சுக்குப் போனவர். எந்த நாட்டில் சோறு பற்றாமல் போகும், எங்கே தண்ணீர் தீரும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அரசாங்கங்களுக்கு யோசனை சொல்கிற நிபுணர். ஆப்பிரிக்கா, ஆசியா எல்லாம் சுற்றிவிட்டு, நம் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பார்க்க வந்திருந்தார். தமிழ் வராது. எனக்கோ அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். வீட்டில் திட்டு பூராவும் பிரெஞ்சில்தான் விழும் என்பதால் அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. சாமியாரிடம் இழுத்துப் போவார் என்றுதான் நினைத்தேன். மதாம் பிரெஞ்சில் சொன்னார்: "சாமியாரிடம் மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தை அடுத்த ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். நாளைக் காலையில் வேலைக்கு வந்துவிடு."

அவராகவே பேசு

மதாமிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. "'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று என்னிடம் சொல்லாதே. அவராகவே இருந்து 'நான்' என்று பேசு" என்றார். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா?

முதலியார்பேட்டை தாண்டித் தெற்கே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதல் பேட்டி ராமலிங்கம் ஐயாவோடு. ஊரிலேயே பெரிய மோட்டார் அவருடையது. வாக்கியத்துக்கு முன்னால் ஒரு இருமல், முடிவில் தொடையில் ஒரு தட்டு. "நெலத்தடித் தண்ணி கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்ளோதான்" என்றார். நானும் இருமி, பிரெஞ்சில் சொல்லி, தொடையைத் தட்டினேன். மதாம் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடித்தார். மூன்றாவது இருமலில் ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒரு வாரமா இருமறேன் பாப்பா. அதுக்குள்ள உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

ஒரு கிணறு

இன்றோடு சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினேன். மதாமோ, "நான் போன நாடுகளில் எல்லாம் விவசாயிகள் அத்தனை பேரும் ஒரே குரலில்தான் பேசினார்கள், மொழிபெயர்ப்பாளர் குரலில். அந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்பது நீ தொடையைத் தட்டியதில்தான் தெரிந்தது. நிறுத்தாதே" என்றார். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த வித்தைக்கு இப்படி ஒரு மரியாதை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாள் தனலட்சுமி அக்கா வீடு. அந்தத் தெருவில் மற்ற கிணறெல்லாம் உப்பாகி, குடிக்க மிஞ்சியது அக்காவின் கிணறு ஒன்றுதான். தெருவே குடத்தோடு அங்கேதான் வரும். மதாம் உப்பு பார்க்கும் மீட்டரை வாளியில் விட்டார், முகம் சுருங்கியது. சுற்றிலும் மோட்டார்கள் கோடை முழுக்க ஓடினால் அடியில் கடல் தண்ணீர் ஏறிவிடும், மழை வருவதற்குள் இந்தக் கிணறும் போய்விடும் என்றார். அதை நான்தான் அக்காவிடம் சொல்ல வேண்டும். மதாமின் குரல் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு வரவே இல்லை. எப்படியோ சொல்லி முடித்தேன். அக்கா வாளியைப் பார்த்தபடியே சொன்னார்: "இத மட்டும் உன் சொந்தக் கொரல்ல சொல்றியே கண்ணு. அப்போ நெசம்தான்."

பிரெஞ்சில் நடந்த சண்டை

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில். கோடையில் போடும் சொர்ணவாரி நெல்லை இந்த ஒரு தடவை விட்டுவிட்டு, கொஞ்சம் தண்ணீரில் விளையும் உளுந்து போடலாம் என்பது மதாமின் யோசனை. ராமலிங்கம் ஐயா எழுந்தார். "ஒலகத்துக்கே சோறு வேணும்னு பேசற அம்மா, என்னைய நெல்லு போடாதன்னு சொல்லுதே, இது எந்த ஊரு நாயம்?" அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

மதாம் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொருத்தராக எடுத்தேன்: ஐயாவின் தொடைத்தட்டு, டீக்கடைக்காரரின் கீச்சுக்குரல், விரலை ஆட்டி ஆட்டிப் பேசும் மாஜி கவுன்சிலர். எல்லாம் பிரெஞ்சில். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் யார் யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் தங்கள் முறை எப்போது வரும் என்று ஆண்களே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த அமைதியில்தான் தனலட்சுமி அக்கா எழுந்தார். "யோவ் பெரியப்பா, உன் மருமவ தெனம் யார் வூட்டுக் கெணத்துல தண்ணி எடுக்கறா? நெல்ல வெளைய வெச்சிடுவ. ஒலையில என்னா ஊத்துவ, கடலயா?" இதை மதாமுக்குச் சொல்லும்போது நானும் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். ஐயா துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரை போனவர் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்: "உளுந்து வெத எங்க கெடைக்கும்னு அந்தம்மாவ கேளு. நான் ஒத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

வேலை போன நாள்

ஜூன் கடைசியில் மதாம் ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை, உளுந்து வயல்களைத் தாண்டி, தனலட்சுமி அக்கா கிணற்றுக்குப் போனோம். மீட்டரைப் பார்த்துவிட்டு, "உப்பு ஏறவில்லை" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் மொழிபெயர்த்தேன். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்ட, மதாம் ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு மதாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அக்கா தமிழில் ஆரம்பித்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் மூக்கைத் துடைத்தார்கள். யாரை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நான் நடுவில் வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் தோளால் ஒதுக்கினார். "செத்த தள்ளி நில்லு கண்ணு, நாங்க பேசிக்கினு இருக்கோம்ல."

மொத்தத்தில், இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்தால் கடைசியில் வேலை போய்விடும். எனக்கு அப்படிப் போனதில் பரம சந்தோஷம்.