ஆறரை மணிக்கு அழுத முகம்

என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் மறப்பதில்லை. இது நல்ல குணமில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். நல்ல குணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தேனியில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். கைபேசிச் செயலிக்குத் திரைகள் வரைந்து கொடுக்கிற வேலை. நிறுவனத்தின் மொத்தப் பிழைப்பும் ஒரே ஒரு செயலியில் இருந்தது. அது தினமும் 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்கும். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை ஒரு வரிசை வரும். நம் மனசுக்குப் பொருந்துகிற முகத்தைத் தொட்டால் குறித்துவைத்துக்கொள்ளும். அதன் தமிழ் வடிவத்தை முதன்முதலில் வரைந்தது நான்.

ஆனால் இறக்கியவர்கள் கொஞ்ச நாளில் அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். போகிறவர்களைப் பிடித்து வைப்பதற்கு அலுவலகத்தில் ரிட்டென்ஷன் என்று பெயர். அதைச் சரிசெய்ய ஒரு மேலாளரை அமர்த்தினார்கள். சென்னைக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். அதனால்தான் அவர் மேல் எனக்கு எரிச்சல் அதிகம். வேற்று மொழிக்காரர் என்றால் தெரியாமல் செய்கிறார் என்று விட்டிருப்பேன்.

அவர் நடத்திய முதல் காணொளிக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டது. "என்னங்க, கோழியெல்லாம் மீட்டிங்ல ஜாயின் பண்ணுது! வில்லேஜ்ல ஆள் எடுத்தா இதான் லாபம், ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்றார். திரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைவிட நானும் சேர்ந்து சிரித்ததுதான் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த ஆளுடைய மூக்கு ஒருநாள் உடைய வேண்டும்.

செயலியை மாற்றி வடிவமைக்கும் வேலை தொடங்கியது. நான் வரைந்த திரைகளுக்கு நிறத்தை மாற்றித் தன்னுடையது என்று காட்டினார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் மேல் தன் சொந்த மூளையை வேறு பயன்படுத்தினார். செயலியை இரண்டு நாள் தொடாமல் விட்டால், மாலை ஆறரை மணிக்குத் திரை முழுக்க ஒரு முகம் வந்து கண்ணீர் விடும். வெறும் கண்ணீர் இல்லை, குழந்தை தேம்புகிற மாதிரி சத்தமும் போடும். பாவப்பட்டு ஆட்கள் திரும்பி வருவார்களாம்.

"சார், சாயங்காலம் வேண்டாம். விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்குள்ள அழுகைச் சத்தம் கேட்டா யாரும் தாங்க மாட்டாங்க" என்று நான் சொன்னேன்.

"சென்டிமென்டை டிசைன்ல கொண்டு வராதீங்க. ஆபீஸ் விட்டு வந்து ரிலாக்ஸ் பண்ற டைம் அது" என்றார்.

அவர் வீட்டிலும் அம்மா விளக்கு ஏற்றியிருப்பார். அந்த நேரத்தில் இவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை. மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இந்த வடிவம் வெளியானதும் என் ஒப்பந்தம் முடிகிறது, இனி தமிழ் வேலையையும் பெங்களூர் ஆட்களே பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியிடுவதற்கு முன்னால் சிறு ஊர்களில் சிலரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லி நிறுவனத்தின் முதலாளியம்மா உத்தரவு போட்டார். "தேனியிலயே வச்சுக்கலாம், நானே வரேன்" என்றார் மேலாளர். ஆட்களைப் பிடிப்பதும் நாள் குறிப்பதும் என் பொறுப்பு. நான் வெள்ளிக்கிழமை குறித்தேன். நேரம், அவர் ஆசைப்பட்ட அதே ஆறரை. இடம், தேனிக்குப் பக்கத்தில் ஜெயமங்கலத்தில் என் அண்ணன் வீடு.

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். அவருடைய மகள் ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டில் உரக்கடை வைத்திருக்கும் அம்மாவையும் தெருவில் இன்னும் சிலரையும் மதினி சேர்த்துவிட்டார். எல்லோருடைய கைபேசியிலும் இரண்டு நாள் முன்கூட்டியே புது வடிவத்தை ஏற்றிக் கொடுத்தேன். முகம் வருகிறபோது நேரில் பார்க்க வேண்டும் என்று மேலாளர் விரும்பியதால், யாரும் அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். முகம் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் காலையில் சுருளி அருவியில் குளித்துவிட்டு நல்ல உற்சாகத்தில் வந்து சேர்ந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மதினி காபி கொடுத்துவிட்டு, "இருங்க சார், விளக்கை ஏத்திட்டு வந்துர்றேன்" என்று பூஜையறைப் பக்கம் போனார். தீக்குச்சியை உரசினார்.

அப்போதுதான் எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக அழ ஆரம்பித்தன.

மேசை மேலிருந்து ஒன்று, ஜன்னல் விளிம்பிலிருந்து ஒன்று, கர்ப்பிணிப் பெண்ணின் மடியிலிருந்து ஒன்று. தேம்பித் தேம்பி அழுதன. மதினி கையிலிருந்த தீக்குச்சி அணைந்துபோனது. அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு விருட்டென்று எழுந்துவிட்டாள். எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் நிறுத்துகிற பொத்தானை மேலாளர் வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்திருந்தார்.

"எவன்டா அவன், வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு வைக்கிற நேரத்துல ஒப்பாரி வைக்க விடுறது?" என்று உரக்கடை அம்மா எழுந்தார். "மாசமா இருக்க புள்ள ஒக்காந்திருக்கு, கண்ணு தெரியலயா?"

மேலாளர் சிரிக்கப் பார்த்தார். "மேடம், இது ஒரு நட்ஜ்தான், சும்மா ஞாபகப்படுத்துறது..."

"என்ன கட்ச்சு? ஏய்யா, ஒங்க வீட்ல பொம்பளைக இருக்காகளா இல்லையா? அங்கன போயி இதை அழுக விடேன்!"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் காபி தம்ளரைக் கவனமாக எடுத்து ஓரமாக வைத்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அவர் கண் முன்னாலேயே செயலியை அழித்தார்கள். அவர் முகம் செத்துப்போய்க் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். மதினி மறுபடி தீக்குச்சி உரசி விளக்கை ஏற்றி, மகளுக்குத் திருநீறு பூசிவிட்டு என்னிடம் வந்தார்.

"தெரிஞ்சுதான கூட்டியாந்த?"

"ஆமா மதினி."

"அந்தாளுக்கு நல்லா வேணும். ஆனா எதுக்குடி என் வீட்டுக்குக் கூட்டியாந்த? வேற வீடே கெடைக்கலையா ஒனக்கு?"

அவர் கோபம் நியாயமானது என்பதால் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்சம் ஆறியபிறகு உரக்கடை அம்மாதான் பேச்சைத் தொடங்கினார். "நீயே சொல்லு. சிரிக்கிற மூஞ்சிய அமுக்குனா கண்ணு பட்டுரும். அழுகுற மூஞ்சிய அமுக்குனா நம்மளே கெட்டத வீட்டுக்குள்ள கூப்புட்ட மாதிரி. பெறகு எதைத்தான் அமுக்குறது?"

"அப்ப எப்படிக் கேட்டா சொல்வீக?" என்றேன்.

"மத்தியானம் சாப்ட்டு ஏனம் கழுவிட்டுச் செத்த ஒக்காருவோம்ல, அப்பக் கேளு. 'இன்னைக்குச் சோறு எறங்குச்சா'ன்னு கேளு. எறங்குச்சு, எறங்கல, ரெண்டுல ஒண்ணு. எறங்கலன்னா எதுக்குன்னு நாங்களே சொல்லிட்டுப் போறோம்."

மதினியும் தலையாட்டினார். நான் இத்தனை காலம் வரைந்த எல்லா முகங்களும் எனக்கு அப்போது அசட்டுத்தனமாகத் தெரிந்தன. காரில் இருந்தவருக்கு இது எதுவும் கேட்கவில்லை. தேனிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்கள் சொன்னதை நானும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் முதலாளியம்மாவோடு கூட்டம். அதிலே மேலாளர் பேசியதைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தேனிக்கு நான் நேர்ல போனதுல ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சேன். விளக்கு வைக்கிற நேரத்துல சோகமான எதையும் காட்டக் கூடாது" என்றார். அதற்கென்று அழகாக ஒரு அகல்விளக்குப் படம் வேறு போட்டிருந்தார். வசை வாங்கியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னது பற்றியும் இல்லை.

முதலாளியம்மா அசந்துபோனார். "வெரி குட். அப்ப எப்ப கேக்கணும்? முகம் வேண்டாம்னா எப்படிக் கேக்கணும்? அந்தப் பெண்கள் என்ன சொன்னாங்க?"

மேலாளர் தண்ணீர் குடித்தார். இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார். பிறகு, "அந்த டீடெயில்ஸ் எல்லாம் நம்ம தேனி மேடம் சொல்வாங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் என் வேலை நிலைத்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் நான் சொன்ன அடுத்த நிமிடம் அதற்கும் ஒரு படம் போட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்வார் என்பதும் தெரியும்.

"நேர்ல போய்க் கண்டுபிடிச்சது சார்தானே மேடம். நான் காபி எடுத்துக் கொடுத்துட்டிருந்தேன். சாரையே கேளுங்க" என்றேன்.

முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையோ தேடுவது மாதிரி கீழே குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

வெளியீடு நின்றுபோனது. அந்த மாதத்தோடு என் ஒப்பந்தமும் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ப்ளீஸ் மேடம், அந்த லேடீஸ் என்ன சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. என் வேலையே அதுலதான் இருக்கு.'

"பாவம், சொல்லித்தான் தொலையேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பதில் போடவில்லை. அந்தச் செய்தியை அழிக்கவும் இல்லை. மனசு சரியில்லாத நாளில் திறந்து ஒருமுறை படித்துக்கொள்கிறேன்.